எட்டாத இடத்தில் பேட்டரி: மோட்டார் சைக்கிளை ஜம்ப் ஸ்டார்ட் செய்வது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சில வண்டிகளில் பேட்டரி பெட்ரோல் டேங்குக்கு அடியில் இருக்கும். சிலவற்றில் ஃபேரிங் எனப்படும் முன்பக்க பிளாஸ்டிக் உறைக்குப் பின்னால், சிலவற்றில் சீட்டுக்கு அடியில் நாலைந்து பிளாஸ்டிக் மூடிகளுக்குக் கீழே. சார்ஜ் இறங்கிய வண்டியை வேறொரு பேட்டரியின் மின்சாரத்தால் எழுப்ப, அதாவது ஜம்ப் ஸ்டார்ட் செய்ய, அந்த பேட்டரியைத் தொட்டே ஆக வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் தேவையில்லை.

டேங்கைக் கழற்றாமல் ஜம்ப் செய்ய முடியுமா?

முடியும். பேட்டரியின் பிளஸ்ஸிலிருந்து கிளம்பும் தடித்த சிவப்பு ஒயர் நேராகப் போய்ச் சேருவது ஸ்டார்ட்டர் ரிலேயில் (பட்டனை அழுத்தினால் செல்ஃப் மோட்டாருக்கு மின்சாரத்தை இணைத்துவிடும் மின்சுவிட்ச்). நடுவில் சுவிட்ச்சோ ஃபியூஸோ கிடையாது. அதனால் ரிலேயில் அந்த ஒயர் வந்து சேரும் போல்ட்டும் பேட்டரியின் பிளஸ்ஸும் மின்சாரக் கணக்கில் ஒன்றேதான். மைனஸ்ஸும் அப்படித்தான்: பேட்டரியின் மைனஸ் ஒயர் என்ஜின் உடலிலோ ஃபிரேமிலோ முறுக்கப்பட்டிருக்கும். ஆகவே ரிலேயில் ஒரு கிளிப், என்ஜினில் வெறும் உலோகம் தெரியும் இடத்தில் ஒரு கிளிப், அவ்வளவுதான்.

பேட்டரி எட்டும் தூரத்தில் இருந்தாலும் இந்த வழியே மேல் என்பது எங்கள் கருத்து. மைனஸ் நேராக என்ஜினில் இருப்பதால் செல்ஃப் மோட்டாருக்குக் குறுகிய பாதையில் மின்சாரம் போகிறது. பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்போ தளர்ந்த போல்ட்டோ குறுக்கே வராது. கடைசி கிளிப்பை மாட்டும்போது வரும் தீப்பொறியும் பேட்டரியிலிருந்து தள்ளியே விழும்.

பேட்டரிதான் பிரச்சினை என்று எப்படி உறுதி செய்வது?

கேபிளை எடுப்பதற்கு முன் கில் சுவிட்ச், சைடு ஸ்டாண்ட், நியூட்ரல் விளக்கு, கிளட்ச் லீவர் நான்கையும் பாருங்கள். இதில் ஒன்று சரியில்லை என்றாலும் செல்ஃப் எடுக்காது.

பிறகு பட்டனை அழுத்திச் சத்தத்தைக் கேளுங்கள். விளக்கு மங்கி ரிலே ‘டக்டக்டக்’ என்று வேகமாக அடித்தால் பேட்டரியில் சார்ஜ் இல்லை. ஜம்ப் செய்தால் எழுந்துவிட வாய்ப்பு அதிகம். ஒரே ஒரு ‘டக்’ மட்டும் கேட்டு, விளக்கும் மங்காமல் இருந்தால் ரிலேயின் உட்காண்டாக்ட்டோ செல்ஃப் மோட்டாரோ காரணம். சத்தமே இல்லை, ஆனால் விளக்கு பளிச்சென்று எரிகிறது என்றால் சுவிட்ச் பக்கம் தேடுங்கள்.

மல்டிமீட்டர் இருந்தால் கணக்கு எளிது. சாவியை அணைத்து அளந்தால், நிறைந்த லெட் ஆசிட் பேட்டரி 12.7 வோல்ட் அளவில் காட்டும். 12.4 என்றால் முக்கால் சார்ஜ். 12.0 என்றால் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது. பட்டனை அழுத்தும்போது 9.6-க்குக் கீழே விழுந்தால் அந்த பேட்டரியால் என்ஜினைச் சுற்ற முடியாது.

ஸ்டார்ட்டர் ரிலே எங்கே இருக்கும்?

பெரும்பாலும் சைடு பேனலுக்குப் பின்னாலோ சீட்டுக்கு அடியிலோ. தீப்பெட்டி அளவிலிருந்து உள்ளங்கையில் அடங்கும் அளவு வரை இருக்கும். மேலே இரண்டு தடித்த போல்ட், ஒவ்வொன்றின் மேலும் ரப்பர் மூடி, பக்கத்தில் சிறு ஒயர்கள் நுழையும் ஒரு பிளக். பல வண்டிகளில் 20 அல்லது 30 ஆம்பியர் மெயின் ஃபியூஸும் இதன் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். கண்ணில் படவில்லை என்றால், ஒருவர் பட்டனை அழுத்த, இன்னொருவர் ‘டக்’ சத்தம் வரும் இடத்தில் விரலை வைத்துப் பார்க்கலாம், அதிர்வு தெரியும். அதுவும் கேட்கவில்லை என்றால் செல்ஃப் மோட்டாரில் தொடங்கி அதன் தடித்த ஒயரைப் பிடித்துக்கொண்டே மேலே வாருங்கள். அந்த ஒயர் முடியும் இடம் ரிலே.

சில பெரிய வண்டிகளில் தயாரிப்பாளரே ஜம்ப் செய்வதற்கென்று சிவப்பு மூடி போட்ட ஒரு முனையை வெளியே கொடுத்திருப்பார். கையேட்டில் முதலில் அதைத் தேடுங்கள்.

இரண்டு போல்ட்டில் எது பேட்டரி பக்கம்?

இந்த ஒரு கேள்வியில்தான் அவசரப்படவே கூடாது.

சாவி அணைந்திருக்கும்போது மல்டிமீட்டரின் கறுப்பு முனையை என்ஜினில் வைத்து, சிவப்பு முனையால் இரண்டு போல்ட்டையும் தொடுங்கள். வோல்ட் காட்டுவது பேட்டரி பக்கம். சார்ஜ் இறங்கிய பேட்டரியும் பெரும்பாலும் 6 முதல் 11 வோல்ட் வரையாவது காட்டும், ஆகவே குழப்பம் வராது. மோட்டார் பக்கத்துப் போல்ட் பூஜ்யத்தில் இருக்கும்.

மீட்டர் இல்லையா? மெயின் ஃபியூஸுக்குப் போகும் மெல்லிய சிவப்பு ஒயர் பேட்டரி பக்கத்திலிருந்துதான் கிளம்பும். பேட்டரி பக்கத்து மூடி பல வண்டிகளில் சிவப்பாக இருக்கும்; ஆனால் மூடியின் நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். முன்பு யாராவது கழற்றி மாற்றி மாட்டியிருக்கலாம். ஒயரைக் கையால் பிடித்துக்கொண்டே போய் எங்கே முடிகிறது என்று பார்ப்பதுதான் நம்பகமானது.

மாற்றி வைத்துவிட்டால் என்ன ஆகும்?

மோட்டார் பக்கத்தில் கிளிப் பட்ட அந்த நொடியே செல்ஃப் மோட்டார் சுற்றும். சாவி, கில் சுவிட்ச், கிளட்ச் எதுவும் அதைத் தடுக்காது, ஏனென்றால் நீங்கள் ரிலேயையே தாண்டிவிட்டீர்கள். வண்டி கியரில் இருந்தால் முன்னால் பாயும். அதனால் எந்த கேபிளைத் தொடுவதற்கு முன்பும் நியூட்ரலில் போட்டு, வண்டியை முன்னும் பின்னும் உருட்டிப் பாருங்கள். நியூட்ரல் விளக்கை நம்ப வேண்டாம். சார்ஜ் இல்லாத வண்டியில் அது எரியாமலும் போகலாம். சென்டர் ஸ்டாண்ட் இருந்தால் அதில் நிறுத்துவது நல்லது.

மைனஸ் கிளிப்பை எங்கே மாட்டுவது?

பெயின்ட் இல்லாத, அசையாத, தடித்த உலோகம் எதுவும் சரி. என்ஜின் மவுன்ட் போல்ட்டின் தலை நல்ல இடம். ஃபுட்ரெஸ்ட் பிராக்கெட் ரப்பர் புஷ் இல்லாமல் நேராக ஃபிரேமில் முறுக்கப்பட்டிருந்தால் அதையும் பயன்படுத்தலாம். ஆனால் பவுடர் கோட்டிங் உள்ள ஃபிரேமில் கிளிப் ‘பிடித்தது போல’ இருக்கும், மின்சாரம் போகாது. கிளிப்பை இரண்டு முறை அழுத்தித் திருகினால் பல் பதிந்து உலோகம் வெளியே வரும்.

தவிர்க்க வேண்டியவை: மெல்லிய கூலிங் ஃபின் (உடையும்), கார்புரேட்டர், பெட்ரோல் குழாய், பிரேக் லைன், சங்கிலி, ஹேண்டில்பார்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் சிலவற்றில் பிளஸ்தான் எர்த். அப்படிப்பட்ட வண்டி என்றால் முதலில் பேட்டரியின் எந்த முனை ஃபிரேமுக்குப் போகிறது என்று கண்ணால் பாருங்கள்.

எந்த வரிசையில் மாட்டுவது?

இரண்டு வண்டியின் சாவியும் அணைந்திருக்க வேண்டும். உதவும் வாகனமும் உங்கள் வண்டியும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

1. சிவப்பு கிளிப்பை உங்கள் வண்டியின் ரிலேயில் பேட்டரி பக்கத்துப் போல்ட்டில்.
2. சிவப்பின் மறுமுனை உதவும் பேட்டரியின் பிளஸ்ஸில்.
3. கறுப்பு கிளிப் உதவும் பேட்டரியின் மைனஸ்ஸில்.
4. கறுப்பின் மறுமுனை கடைசியாக உங்கள் என்ஜினில். சின்னப் பொறி வரும், அது இயல்புதான்.

இரண்டு மூன்று நிமிடம் அப்படியே விடுங்கள். இறங்கிய பேட்டரி கொஞ்சம் இழுத்துக்கொண்டால் செல்ஃப் மோட்டாருக்குக் கிடைக்கும் வோல்டேஜ் மேலே நிற்கும். பிறகு சாவியைப் போட்டு, ஃபியூயல் பம்ப் ‘ஸ்ஸ்’ என்று ஓடி நின்றதும் பட்டனை அழுத்துங்கள். ஒரு முறைக்கு 5 நொடிக்கு மேல் வேண்டாம். எடுக்கவில்லை என்றால் அரை நிமிடமாவது மோட்டாரை ஆறவிட்டு மறுபடி.

என்ஜின் ஓடியதும் ஒரு நிமிடம் விட்டு, மாட்டியதற்கு நேரெதிர் வரிசையில் கழற்றுங்கள்: முதலில் உங்கள் என்ஜினில் இருக்கும் கறுப்பு. சிவப்பு கிளிப்பைக் கழற்றிய கையோடு ரிலே மூடியைத் திரும்பப் போடுங்கள். அந்தப் போல்ட்டில் எப்போதும் மின்சாரம் உண்டு; ஸ்பேனர் ஒன்று அதையும் ஃபிரேமையும் சேர்த்துத் தொட்டால் சிவக்கக் காய்ந்து ஒட்டிக்கொள்ளும்.

காரிலிருந்து எடுக்கும்போது கார் ஓடலாமா?

அணைத்தே வையுங்கள். கார் ஓடினால் பைக்கின் எலெக்ட்ரானிக்ஸ் எரிந்துவிடும் என்று சொல்வது மிகை. ஓடும் கார் தருவதும் 14 வோல்ட் சொச்சம், ஓடும் பைக் தனக்குத் தானே தருவதும் ஏறக்குறைய அதுதான். ஆனால் லாபமே இல்லாத இடத்தில் ஆபத்தை எதற்குக் கூட்ட வேண்டும்? 40, 50 ஆம்பியர் அவர் கொள்ளளவு கொண்ட கார் பேட்டரிக்கு ஒரு பைக் என்ஜினைச் சுற்றுவது மிகச் சிறிய வேலை. கிளிப் நழுவி இரண்டு முனையும் தொட்டுக்கொண்டால், கார் ஓடும்போது சேதம் இரு பக்கமும் இருக்கும்.

எந்த வாகனத்திலிருந்து எடுக்கக் கூடாது?

24 வோல்ட் லாரி, பஸ். ஒரே நொடியில் இசியு (என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி), விளக்கு, ரெகுலேட்டர் (சார்ஜ் வோல்டேஜைக் கட்டுப்படுத்துவது) எல்லாம் போகும். அதேபோல 6 வோல்ட் பழைய வண்டிக்கு 12 வோல்ட் கொடுக்காதீர்கள். ஹைப்ரிட், மின்சாரக் கார்களின் சிறிய 12 வோல்ட் பேட்டரியை உதவிக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று பல கையேடுகள் சொல்கின்றன. கையேட்டைப் பார்க்காமல் கை வைக்காதீர்கள். இன்னொரு 12 வோல்ட் மோட்டார் சைக்கிள் தாராளமாக உதவலாம்.

கிளிப் பெரிதாக இருக்கிறது, ரிலே போல்ட்டைக் கவ்வவில்லை. என்ன செய்வது?

கார் கேபிளின் கிளிப் வாய் அகலம். ரிலே இருக்கும் இடுக்கில் நுழைத்தால் ஒரு தாடை போல்ட்டைத் தொடும், மறு தாடை ஃபிரேமைத் தொடும். அங்கேதான் ஷார்ட் ஆகிறது. சைக்கிள் ட்யூப் துண்டு ஒன்றை வெட்டி ஃபிரேமின் மேல் சுற்றிவிட்டு, கிளிப்பைச் சாய்த்து ஒரு பக்கத்துப் பல் மட்டும் போல்ட்டில் படும்படி வையுங்கள். உள்ளேயே பேட்டரி கொண்ட, கைக்கடக்கமான ஜம்ப் ஸ்டார்ட்டர் கருவிகளின் கிளிப் சிறியது, இந்த வேலைக்கு ஏற்றது.

அதுவும் நுழையவில்லை என்றால், 10 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரில் இரண்டு சாண் வெட்டி, ஒரு முனையில் 6 மில்லிமீட்டர் போல்ட்டுக்கான வளைய லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) அழுத்தி, நட்டின் கீழ் வைத்து முறுக்கி, மறுமுனையை வெளியே கொண்டுவாருங்கள். இதைச் செய்யும்போது முதலில் பேட்டரியின் எர்த் ஒயரை என்ஜின் பக்கத்தில் கழற்றிவிட வேண்டும், இல்லையென்றால் ஸ்பேனர் ஃபிரேமில் படும்போது பொறி பறக்கும்.

மெல்லிய கேபிள் போதாதா?

சிறிய என்ஜின்கள் செல்ஃப் எடுக்கும்போது 50 முதல் 80 ஆம்பியர் வரை இழுக்கும். பெரிய இரட்டை சிலிண்டர் என்ஜின் 100-ஐத் தாண்டும். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயரின் தடை மீட்டருக்கு ஏறக்குறைய 7 மில்லிஓம். போக 2 மீட்டர், வர 2 மீட்டர், ஆக 4 மீட்டரில் 80 ஆம்பியர் ஓடினால் 2.2 வோல்ட் ஒயரிலேயே தீர்ந்துவிடும். 10 சதுர மில்லிமீட்டர் ஒயரில் அதே இழப்பு அரை வோல்ட்தான்.

ஒயரின் வெளித்தடிமனைப் பார்த்து வாங்காதீர்கள். ரப்பர் தடித்து உள்ளே கம்பி மெலிந்த கேபிள்கள் நிறைய. செம்பு பூசிய அலுமினியமும் உண்டு: ஒரு இழையைக் கத்தியால் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

கேபிள் எல்லாம் சரி, ஆனாலும் ‘டக்டக்’ மட்டும்தான் வருகிறது?

பத்தில் எட்டு முறை கிளிப் பிடிப்புதான் காரணம். மீட்டரை ரிலே போல்ட்டுக்கும் என்ஜினுக்கும் நடுவே வைத்துப் பட்டனை அழுத்துங்கள். கிளிப்பின் மேல் வைத்து அளக்காதீர்கள்; போல்ட்டின் மேலேயே வையுங்கள். உதவும் பேட்டரியில் 12 இருந்து, இங்கே 8 காட்டினால் நடுவில் 4 வோல்ட் கேபிளிலும் கிளிப்பிலும் போகிறது. மைனஸ் கிளிப்பை வேறு போல்ட்டுக்கு மாற்றுவதே முதல் வேலை.

போல்ட்டில் 11 வோல்ட் நின்றும் மோட்டார் சுற்றவில்லை என்றால் மீட்டரை ரிலேயின் மறு போல்ட்டுக்கு மாற்றுங்கள். பட்டனை அழுத்தும்போது அங்கேயும் 11 வந்தால் மோட்டாரின் கார்பன் பிரஷ் அல்லது மோட்டாரே கெட்டது. வரவில்லை என்றால் ரிலே கெட்டது.

வேறொரு காரணமும் உண்டு: உங்கள் பேட்டரியில் ஒரு செல் உள்ளுக்குள் ஷார்ட் ஆகியிருந்தால், கொடுக்கும் மின்சாரத்தை அது விழுங்கிக்கொண்டே இருக்கும். நன்றாகச் சார்ஜ் செய்த பிறகும் 10.5 வோல்ட்டைத் தாண்டாத பேட்டரி அந்த வகை. மாற்றுவதைத் தவிர வழியில்லை.

ஜம்ப் ஸ்டார்ட்டர் கருவி பச்சை விளக்கே காட்டவில்லை. கருவி கெட்டதா?

இல்லை. பேட்டரி அறவே காலியாக இருந்தால், எதிரே பேட்டரி இருப்பதையே பல கருவிகளால் உணர முடியாது. அதற்கென்று ‘பூஸ்ட்’ போன்ற பெயரில் ஒரு பட்டன் இருக்கும். அதை அழுத்தினால் பிளஸ் மைனஸ் மாறியிருப்பதைக் கண்டுபிடிக்கும் பாதுகாப்பு பல கருவிகளில் அணைந்துவிடும். ஆகவே அழுத்துவதற்கு முன் கிளிப்புகளை இன்னொரு முறை பாருங்கள்.

சார்ஜருக்காக வெளியே விட்டிருக்கும் இரண்டு பின் பிளக்கில் ஜம்ப் கேபிள் மாட்டலாமா?

மாட்டாதீர்கள். அந்த ஒயரில் 7.5 அல்லது 10 ஆம்பியர் ஃபியூஸ்தான் இருக்கும். செல்ஃப் மோட்டார் இழுத்ததும் போய்விடும். ஃபியூஸைப் பெரிதாக்கினால் ஒயர் உருகும்.

ஆனால் அதே பிளக் வழியாகச் சார்ஜர் மாட்டுவது மிக நல்ல வழி. ஒரு முறை ஸ்டார்ட் செய்ய 60 ஆம்பியர், 3 நொடி என்று வைத்தால் செலவாவது 0.05 ஆம்பியர் அவர் மட்டுமே. 2 ஆம்பியர் சார்ஜரில் அரை மணி நேரம் விட்டால் 1 ஆம்பியர் அவர் உள்ளே போகிறது. ஏற்றத்தில் இழப்பு இருந்தாலும் சில முறை முயல அது தாராளம். பக்கத்தில் பிளக் பாயின்ட் இருந்து, அவசரமும் இல்லை என்றால் ஜம்ப் கேபிளைத் தேடி அலைய வேண்டாம்.

தள்ளி ஸ்டார்ட் செய்தால் என்ன?

கார்புரேட்டர் வண்டி என்றால் முயலலாம். இரண்டாம் கியர், கிளட்ச் பிடித்து ஓட்டம் கிடைத்ததும் சட்டென்று விடுங்கள். முதல் கியரில் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியில் பம்பும் இசியுவும் எழ பேட்டரியில் உயிர் இருக்க வேண்டும். சாவி போட்டால் மீட்டரே எரியாத வண்டியை எவ்வளவு தள்ளினாலும் பயனில்லை. கியர் இல்லாத ஸ்கூட்டரைத் தள்ளி ஸ்டார்ட் செய்யவே முடியாது, அதன் கிளட்ச் என்ஜின் சுற்றினால்தான் பிடிக்கும்.

லித்தியம் பேட்டரி என்றால்?

இங்கே நிதானம் வேண்டும். லித்தியம் அயர்ன் ஃபாஸ்பேட் பேட்டரி நிறைந்திருக்கும்போது 13.2 முதல் 13.4 வோல்ட் காட்டும்; லெட் ஆசிட்டில் நல்லதாகத் தெரியும் 12.6 இதில் ஏறக்குறைய காலி. 8 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியதை ஜம்ப் செய்யாதீர்கள். உள்ளே செல்கள் சேதமடைந்திருக்கும், திடீரென்று அதிக மின்சாரம் பாய்ந்தால் சூடேறி வீங்கும், தீயும் பிடிக்கலாம். 0 வோல்ட் காட்டினால் உள்ளிருக்கும் பாதுகாப்பு சர்க்யூட் தானே துண்டித்திருக்கக் கூடும். அதற்கான சார்ஜரில்தான் எழுப்ப வேண்டும். பழைய லெட் ஆசிட்டை மீட்கும் ‘டீசல்ஃபேஷன்’ வசதி கொண்ட சார்ஜரை லித்தியத்தில் மாட்டவே கூடாது.

கடும் குளிரில் லித்தியம் சோம்பி நிற்பது வேறு விஷயம். ஹெட்லைட்டை இரண்டு நிமிடம் எரியவிட்டால் பேட்டரி உள்ளுக்குள் சூடாகி இரண்டாம் முயற்சியில் எடுக்கும்.

சீட் பூட்டே மின்சாரத்தில் திறக்கிறது. சார்ஜ் இல்லாமல் எப்படி ரிலேயைத் தொடுவது?

அப்படிப்பட்ட வண்டிகள் பலவற்றில் அவசரத்துக்கு ஒரு கேபிளோ மறைவான சாவித் துவாரமோ இருக்கும், கையேட்டில் பாருங்கள். இல்லையென்றால் செல்ஃப் மோட்டாரின் முனையில் கேபிள் வைக்கலாமே என்று தோன்றும். அதில் வைத்தால் மோட்டார் மட்டும்தான் சுற்றும். பம்புக்கும் இக்னிஷனுக்கும் எதுவும் போகாது, சீட்டும் திறக்காது. பூட்டைத் திறக்கும் அளவு மின்சாரம் சார்ஜர் பிளக் வழியாகக் கிடைக்கும். யுஎஸ்பி அல்லாத 12 வோல்ட் சாக்கெட் சில வண்டிகளில் நேராக பேட்டரியோடு இணைந்திருக்கும், பலவற்றில் சாவி போட்டால்தான் இணையும். இணைந்திருந்தால் 1 ஆம்பியர் அளவிலான சிறு சார்ஜரால் அதன் வழியாகவும் கொடுக்கலாம்.

எப்போது ஜம்ப் செய்யவே கூடாது?

பேட்டரி வீங்கியிருந்தால், கசிந்தால், உறைந்திருந்தால், அழுகிய முட்டை நாற்றம் வந்தால். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். காற்றில் அது 4 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பொறி போதும். பெட்ரோல் வாடை அடித்தாலும் கேபிளைக் கீழே வைத்துவிட்டுக் கசிவைத் தேடுங்கள். டேங்குக்கு அடியில் பேட்டரி உள்ள வண்டிகளில் இதை இருமடங்கு கவனிக்க வேண்டும்.

ஓடியாயிற்று. பேட்டரியை இப்போதே கழற்றி மாற்றலாமா?

என்ஜின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றாதீர்கள். வோல்டேஜைச் சமன் செய்துகொண்டிருப்பது பேட்டரிதான். அது போனால் ஏறும் வோல்டேஜ் இசியுவையும் விளக்குகளையும் காவு வாங்கும்.

நின்ற இடத்தில் ஐடிலில் விடுவதாலும் பெரிய பயனில்லை. பல வண்டிகளில் ஐடிலில் கிடைக்கும் மின்சாரம் ஹெட்லைட்டுக்கும் பம்புக்குமே சரியாகப் போய்விடும். குறைந்தது அரை மணி நேரம் நடுத்தர ஆர்பிஎம்மில் ஓட்டுங்கள். வீடு சேர்ந்ததும் சார்ஜரில் போடுங்கள்: 9 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 0.9 ஆம்பியர், அதாவது பத்தில் ஒரு பங்கு.

மறுநாளும் அதே கதை. ஏன்?

மூன்று அளவுகள் போதும். நின்றிருக்கும்போது பேட்டரி வோல்டேஜ். 4000 ஆர்பிஎம்மில் வோல்டேஜ்: 13.8 முதல் 14.5-க்குள் இருக்க வேண்டும். 13-ஐத் தொடவில்லை என்றால் ஸ்டேட்டர் (என்ஜினுக்குள் மின்சாரம் உண்டாக்கும் சுருள்), ரெகுலேட்டர் அல்லது அவற்றின் பிளக் கருகியிருக்கும், 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது. மூன்றாவது, சாவி அணைந்த நிலையில் பேட்டரியிலிருந்து கசியும் மின்சாரம்: மைனஸ் ஒயரைக் கழற்றி இடையில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் மாட்டிப் பாருங்கள். அளக்கும்போது சாவியைப் போட்டாலோ செல்ஃப் பட்டனைத் தொட்டாலோ மீட்டரின் ஃபியூஸ் போகும். சில மில்லிஆம்பியர் இயல்பு. பின்னால் சேர்த்த அலாரமோ ஜிபிஎஸ் கருவியோ 20 மில்லிஆம்பியர் எடுத்தால், நிறைந்த 9 ஆம்பியர் அவர் பேட்டரியும் 19 நாளில் காலி. செல்ஃப் எடுக்காமல் போவது அதற்கும் வெகு முன்பே.

அடுத்த முறைக்கு நிரந்தரமாக ஒரு முனை வெளியே கொண்டுவரலாமா?

கொண்டுவரலாம், டேங்குக்கு அடியில் பேட்டரி உள்ள வண்டிக்கு நாங்கள் பரிந்துரைப்பதும் அதுதான். சர்வீஸுக்காக டேங்க் கழற்றப்படும் நாளில் செய்துகொண்டால் தனி வேலை இல்லை. 10 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், இரு முனையிலும் அழுத்திய லக், பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 100 ஆம்பியர் போல்ட் வகை ஃபியூஸ், ஒயர் முழுக்க உறை, வெளிமுனையில் கையால் கழற்றும் ரப்பர் மூடி. டேங்கின் அடிப்பகுதி உரசும் இடத்திலும் ஹேண்டில்பார் திரும்பும் இடத்திலும் ஒயரைக் கொண்டுபோகாதீர்கள்; அதிர்வில் உறை தேய்ந்து சில மாதத்தில் ஷார்ட் ஆகும். மைனஸ்ஸுக்குத் தனி ஒயர் வேண்டாம். என்ஜினில் ஒரு போல்ட்டைத் தேர்ந்தெடுத்து, பெயின்ட்டைச் சுரண்டி, கொஞ்சம் கிரீஸ் தடவி, பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி வைத்துவிடுங்கள்.